பாய் வெட்டிய மெட்டல்

இட ஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டின் குறுக்கே புளியமரத்தை வெட்டிப் போட்டிருப்பதால் எங்கள் பஸ் கள்ளக்குறிச்சியிலேயே நிற்கிறது. மறியல்காரர்களுக்குப் பொறுமை போதாது என்று தீர்ப்புச் சொல்கிறார், கல்வராயன் மலை பார்க்க என்னோடு வந்த நண்பர் சேகர். வழியெல்லாம் ப்ராக்ரசிவ் மெட்டல் என்ற ராக் இசையின் பெருமையை ஓதியவர். நான் கேட்டே தீரவேண்டிய ஆல்பம் என்று தன் கேசட்டை ரெக்கார்டிங் கடையில் நகலெடுக்கக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்.

கடைக்கார பாய் நகலை என்னிடம் நீட்டுகிறார். "நடுவுல யாரும் பாடாம சும்மா அடிச்சிக்கினே இருக்காங்க. அதெல்லாம் வெட்டிட்டேங்க. எடம் ஜாஸ்தி மிஞ்சிச்சி, நாலு சினிமாப் பாட்டு போட்டுருக்கேன்."

பஸ்ஸில் சேகர், சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று அந்த நகலை வாக்மேனில் போட்டுக் கண்ணை மூடுகிறார்.

"இதுல ஒரு நொடியைக்கூட எடுக்க முடியாதுய்யா."

முதல் சினிமாப் பாட்டு வரட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.