இத்தாலித் தேர்தலும் என் மாமனாரின் கையும்

சுதந்திரம் வந்த மறு வருஷம் என்னிடம் கறுப்புக் கோட்டு இருந்தது, கேஸ் இல்லை. மயிலாப்பூரில் அப்போது தடுக்கி விழுந்தால் ஒரு வக்கீல் மேல்தான் விழ வேண்டும். எங்கள் ஞாயிற்றுக்கிழமை விவாத சங்கத்தின் தலைவர் ஒரு பெரிய வக்கீல். அவருக்கு ஜூனியர் ஒருவர் தேவைப்பட்டார். அடுத்த விவாதத்தில் ஜெயிக்கிறவரை எடுத்துக்கொள்வதாக வாய்விட்டே சொல்லியிருந்தார். தியாகராய நகரிலிருந்து மாமனார் அனுப்பும் அரிசியில் தொழில் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அதைவிடப் பெரிய தேர்தல் உலகத்தில் இல்லை.

விஷயம் இத்தாலி. அங்கே நடக்கும் தேர்தலுக்காக அமெரிக்கா கப்பல் கப்பலாகக் கோதுமை அனுப்புகிறது, ருஷ்யாவும் சும்மா இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்கள், இன்னாருக்கு வோட்டுப் போடு என்று ஊரிலுள்ள உறவினர்களுக்குக் கடிதம் போட்டார்களாம். அயலார் தலையிடலாகாது என்பது என் கட்சி. எதிர்க்கட்சி பேசியவர் திருவல்லிக்கேணியில் அறையெடுத்துத் தங்கியிருந்த இன்னொரு கேஸில்லாத வக்கீல். பசித்தவனுக்குக் கோதுமை கொடுப்பது தலையீடா என்று மெதுவாகக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

என்னுடையதோ ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று பழகிய பேச்சு. சொந்தபந்தத்தை விட்டு வோட்டுக் கேட்கச் சொல்வதைப் போல ஈனம் இல்லை என்றேன். வெளியார் கை இருப்பதாகச் சந்தேகம் வந்தாலே விசாரணை வேண்டும் என்று மேஜையைத் தட்டினேன். பின்வரிசையில் மாமனார் வீட்டு உறவு முழுவதும் வந்து உட்கார்ந்திருந்தது. என் பேச்சைக் கேட்கத்தான் அத்தனை பேரும் வந்திருக்கிறார்கள் என்று பூரித்துப்போனேன்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரேஷன் காலம், காபி வீணாகக் கூடாது. ஆகவே வோட்டுக்கு முன்னால் பொக்கிஷதார் எழுந்து, காபி வேண்டியவர்களைக் கை தூக்கச் சொல்லி எண்ணுவார். பிறகு தலைவர் வோட்டுக்குக் கை தூக்கச் சொல்வார். அன்று காபிக்குக் காடு போலக் கைகள் எழுந்தன. எனக்குச் சொற்பமே எழுந்தன. தோற்றேன்.

உடனே விசாரணை கேட்டேன். தலைவர் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, "நீரே விசாரியும் ஓய். அடுத்த ஞாயிறு அறிக்கை கொடும்" என்றார்.

திருவல்லிக்கேணி அறைவாசிகளைக் கூட்டிவந்துதான் எதிர்க்கட்சிக்காரர் ஜெயித்தார் என்று எனக்கு நிச்சயம். நேரே அங்கே போய், மாடி மாடியாக ஏறி, இத்தாலிக்காகக் கை தூக்கினீர்களா என்று கேட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தாலி இன்னாத்துக்கு நைனா, இங்க கொழாய்ல தண்ணியே காணோம்" என்றார்.

சனிக்கிழமை மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தார். "மாப்பிள்ளை, ஜெயிச்சதை ஒரு வார்த்தை சொல்லியனுப்பப்படாதோ" என்றார்.

"தோத்துட்டேன்."

"அதெப்படி? நாங்க எல்லாருமா கையைத் தூக்கினோமே."

"எப்போ தூக்கினேள்?"

"முதல்ல ஒருத்தர் எழுந்து கேட்டாரே, அப்போ."

"அது காபிக்கு."

மாமனாருக்கு அப்போதுதான் விளங்கியது. "அதான் காபி வந்துதா" என்றார். "அப்பறமும் ஒரு தரம் கேட்டா. ஒருத்தரே ரெண்டு வோட்டுப் போடறது மோசடின்னு நாங்க யாரும் தூக்கலை."

அவர் போன பிறகு மனைவியைக் கேட்டேன். எல்லாரையும் கூட்டிவந்து கை தூக்கும்படி அப்பாவுக்குச் சொல்லியனுப்பியது தான்தான் என்றாள். "நீங்க கண்ணாடி முன்னாடி நின்னுண்டு பேசினதை ஆத்துல கேட்டுண்டுதானே இருந்தேன். எனக்குப் பயமாயிடுத்து." எனக்குக் கோபம் வந்தது. பேச்சு அவ்வளவு மோசமா என்று கேட்க வாயெடுத்தேன், பதில் தெரிந்ததால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கை படித்தேன். வெளியார் தலையீடு உண்டு, அது என் சார்பில் நடந்தது, காபியோடு நின்றது என்றேன். சபை சிரித்து ஓய வெகு நேரம் ஆயிற்று. எதிர்க்கட்சிக்காரர் மட்டும் சிரிக்காமல் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சொந்தக் கட்சிக்காரன் மேலேயே இவ்வளவு சுத்தமா கேஸை நிரூபிச்ச வக்கீலை நான் பார்த்ததில்லை" என்றார் தலைவர். "உம்மை எதிராளி ஆபீஸிலே சேர்த்துவிட்டால் எனக்கு ரொம்ப சௌகரியம்." ஜூனியர் வேலை திருவல்லிக்கேணிக்காரருக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்து கோட்டை ஆணியில் மாட்டினேன். வெட்கமாகவும் இருந்தது, பசியாகவும் இருந்தது. மனைவி தட்டை வைத்தாள். மாமனார் வீட்டு அரிசிதான்.

"அந்தப் பெரிய வக்கீலும் எங்கப்பாவும் ஒரே பஜனை கோஷ்டி" என்றாள். "இன்னொரு ஜூனியர் வெச்சுக்கப்படாதான்னு அப்பாவை விட்டு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லச் சொல்லட்டுமா?"

போன ஞாயிறு இந்தக் கையால்தான் மேஜையைத் தட்டினேன். அதே கையால் சாதத்தைப் பிசைந்தேன்.

"சொல்லச் சொல்லேன்" என்றேன்.