மூட்டாத வேட்டி

எங்கள் பல்கலைக்கழக வகுப்பில் முதலில் கலியாணம் செய்தவள் உடுப்பிட்டிக்காரி. அவளுக்குக் கூடப்பிறந்த ஆண்கள் இல்லை. ஒன்றுவிட்ட சகோதரர்கள் எல்லாரும் கனடாவிலும் லண்டனிலும். எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் மாப்பிள்ளை வந்து இறங்கியதும் அவருடைய காலைக் கழுவி, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போக ஒரு தோழன் வேண்டும். பெண்ணின் சகோதரனுக்குரிய இடம் அது. சகோதரன் இல்லாவிட்டால் உறவில் ஒரு பையனைப் பிடித்து நிறுத்துவார்கள். அவளோ, "எனக்கு அண்ணை இருக்கிறார்" என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

அவள் சொன்ன அண்ணை எங்கள் வகுப்புக் காலிக்காரன், தெற்கில் காலி என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்தவன். சிங்களவன். யாழ்ப்பாணத்துக்குப் படிக்க வந்த முதல் வாரத்திலேயே அவளை "நங்கி" என்று கூப்பிடத் தொடங்கியவன். அவர்கள் மொழியில் தங்கை. அவள் காய்ச்சலில் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒவ்வொரு நாளும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவன்.

அவளுடைய தகப்பன் சம்மதித்தார். பெரியப்பா சம்மதிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற கணித வாத்தியார். என்னைக் கூப்பிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து விசாரித்தார். என் அப்பா பருத்தித்துறையில் கடலுக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் படித்து முடித்த முதல் ஆள் நான். வாத்தியார்மாருக்கு முன்னால் நின்றால் இன்றைக்கும் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

"உவருக்கு வேட்டி கட்டத் தெரியுமோ?"

"பழக்கிப்போடுவம், சேர்."

"உந்த ஒட்டுற வேட்டி, பெல்ற் ஒண்டும் வேண்டாம். குனிஞ்சு நிமிர்ந்து செய்யிற வேலை. சபையிலை அவிழ்ந்து விழுந்தால் எங்கடை பிள்ளைக்குத்தான் வெக்கம். ஆர் பொறுப்பு, நீரோ?"

"ஓம் சேர், நான் பொறுப்பு."

வாய் முந்திவிட்டது. வீட்டில் சாரம் என்கிற லுங்கி, வெளியில் காற்சட்டை என்று வளர்ந்தவன் நான். திருவிழாவுக்கு வேட்டி கட்டினாலும் அரையில் பெல்ற் இருக்கும்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை மூன்று பேர் யாழ்ப்பாணம் டவுணில் இறங்கினோம். மூன்றாமவன் நானா. எங்கள் வகுப்புத்தான், ஆனால் எல்லாருக்கும் அவன் நானா; முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல் அது. அவனுடைய குடும்பம் தொண்ணூறில் மற்ற முஸ்லிம் குடும்பங்களோடு இங்கிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்தில் இருந்துவிட்டு, திரும்பி வந்து டவுணில் தையற்கடை போட்டிருந்தது.

புடவைக்கடைக்காரர் எட்டு முழப் பட்டு வேட்டியை மேசையில் உதறி விரித்தார். காலிக்காரன் இரண்டு கையாலும் தடவிப் பார்த்தான்.

"மச்சான், உது படகுக்குப் பாய் கட்டலாம் போலை கிடக்கு."

"தம்பிக்குக் கட்டக் கஷ்டமெண்டால் ஒட்டுற வேட்டி இருக்கு" என்றார் கடைக்காரர். ஒன்றை எடுத்து ஒட்டிக் காட்டி, 'சர்ர்' என்று பிரித்தார்.

"வேண்டாம் அண்ணை. நங்கியின்ரை கலியாணத்திலை உந்தச் சத்தம் கேக்கப்படாது" என்றான் காலிக்காரன்.

பட்டையே வாங்கினோம். அவனுடைய கழுத்துக்கு அளவான சட்டை அங்கே இல்லை. நானும் நானாவும் பக்கத்துக் கடைக்குப் போனோம். திரும்பி வரும்போது கடை வாசலில் தையல் மெசினோடு இருந்தவருக்குப் பக்கத்தில் காலிக்காரன் பெரிய சிரிப்போடு நின்றான்.

"எல்லாம் முடிஞ்சுது மச்சான். மூட்டியாச்சு!"

புதுச் சாரம் வாங்கினால் இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பதைத்தான் மூட்டுவது என்போம். முதல் வருடம் அவன் இங்கே சாரம் வாங்கியபோது அந்தச் சொல்லைப் பழக்கிவிட்டவன் நான்தான். இப்போது எட்டு முழப் பட்டு, முனையோடு முனை சேர்ந்து, பெரிய வளையமாக அவன் கையில் தொங்கியது.

"நான் சொன்னனான் தம்பி, வேட்டியை ஆரும் மூட்டுறதோ எண்டு" என்றார் தையற்காரர். "உவர் விட்டால்தானே! 'ஓம் அண்ணை, வடிவாய் மூட்டுங்கோ, நாளைக்குக் கலியாணம்' எண்டு நிக்கிறார். உங்கடை பக்கத்திலை அப்பிடியாக்கும் எண்டு நினைச்சன்."

நானா சிரிப்புத் தாங்காமல் படியில் குந்திவிட்டான். "இதுக்குள்ளை நாங்கள் மூண்டு பேரும் நிக்கலாமடா!"

காலிக்காரனின் முகம் கறுத்தது. "பிழையோ? நங்கியிட்டைச் சொல்லாதையுங்கோடா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியப்பாவின் கண்ணாடிதான் கண்ணுக்குள் நின்றது.

நானாவின் கடைக்குப் போனோம். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு சவரப் பிளேட்டை எடுத்தான். "ஒருத்தரும் கதைக்கப்படாது. இழை இழுபட்டால் துலைஞ்சுது." ஒவ்வொரு தையலாக வெட்டி, நூலை உருவி எடுத்தான். கடைசியில் முனையோரம் ஊசித் துளைகள் வரிசையாக நின்றன. விரலை நனைத்துத் தடவி நகத்தால் மெல்லச் சுரண்டினான். பாதி மறைந்தது. "மிச்சம் உள்மடிப்புக்குள்ளை போயிடும். இனிக் கட்டுறது உன்ரை பாடு."

நான் பார்த்த ஞாபகத்தில் காலிக்காரனுக்குக் கட்டிவிட்டேன். குனிந்தான், அவிழ்ந்தது. திரும்பக் கட்டினேன். இரண்டு எட்டு வைத்தான், வழுகியது. மூன்றாம் முறை குனியவே தேவைப்படவில்லை.

"நீ விடு மச்சான்" என்று பறித்தான். துணியை இறுக்கிச் சுற்றி, முனையை ஒரு கொத்தாகப் பிடித்து, முறுக்கி, அரைக்குள் செருகி, மேலால் இரண்டு தரம் சுருட்டினான்.

எனக்கு அந்த முறுக்குத் தெரியும். வலை இழுக்கும்போது சாரம் அவிழாமலிருக்க எங்கள் கரையில் எல்லாரும் போடுவது அதைத்தான். நானும் அப்படித்தான் கட்டுகிறேன். வேட்டி என்றதும் அது ஏதோ படித்த ஆட்களின் வேலை என்று என் கை மறந்துபோயிருந்தது.

"உதை எங்கை பழகினனி?"

"பழகிறதோ? எங்கடை ஊரிலை கடலுக்குப் போற எல்லாரும் உப்பிடித்தான். இப்ப இழுத்துப் பார்!"

நானா இழுத்தான். நானும் சேர்ந்து இழுத்தேன். அவன்தான் ஆடினான், வேட்டி ஆடவில்லை.

"விடுங்கோடா, பட்டுக் கிழியப்போகுது!" என்று நானாவே கடைசியில் கத்தினான்.

அடுத்த நாள் காலை மண்டபத்து வாசலில் பெரியப்பா அவனைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"ஆர் கட்டிவிட்டது?"

"அவரே கட்டினவர், சேர்."

மேளம் உரத்தது. மாப்பிள்ளை வந்து இறங்கினார். காலிக்காரன் குனிந்து செம்புத் தண்ணீரை ஊற்றினான். அவன் ஆறுதலாக இரண்டு காலையும் கழுவி, துடைத்து முடிக்கும்வரை நான் என் காற்சட்டைப் பெல்ற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தான். வேட்டி நின்றது. மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போட்டார். அவன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, ஈரத் தரையில் ஒரு தடக்கலும் இல்லாமல் மணவறைக்கு நடந்தான். வாசலில் நின்ற உடுப்பிட்டிச் சனம் வழிவிட்டது.

மாப்பிள்ளை பகுதியில் ஒருவர் பெரியப்பாவிடம் கேட்டார். "தோழன் ஆர்?"

"பொம்பிளையின்ரை தமையன்."

"கனடாவோ?"

"இல்லை. காலியிலை இருக்கிறார்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார். என் கைகள் கட்டிக்கொள்ளவில்லை. நானா என் முதுகில் போட்ட அடி மேளத்துக்கு மேலால் கேட்டிருக்கும்.

தாலி கட்டி முடிந்ததும் காலிக்காரன் எங்களிடம் வந்தான். அரையில் இருந்த முறுக்கைத் தட்டிக் காட்டினான்.

"பாத்தியளோ? மூட்டாமலே நிண்டுட்டுது மச்சான்!"