சிவப்பு ரிப்பன் முறுக்கிய கயிறு

பேய், ஆவி என்று யார் பேச்செடுத்தாலும் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள், பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள். நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, பட்டப்பகலில் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டுகிறார். மேட்டுக்காட்டில் டிராக்டர் ஏறாது என்பதால், குலைகளைச் சாலைவரை இழுத்துவர ஓர் எருமை வைத்திருந்தார். அதன் பெயர் கண்ணு. உண்மையில் அது என் பெயர், சின்ன வயதில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் பல்கலைக்கழகம் போன வருடம் எருமை வந்தது, பெயர் அதற்குப் போய்விட்டது, பட்டத்தோடு திரும்பிய எனக்கு 'டீச்சர்' மிஞ்சியது. வேலை முடிந்து வந்ததும் அதற்கு உள்ளங்கையில் உப்பு வைத்து நக்கக் கொடுத்து, அன்றைய கதையெல்லாம் அதனிடம் சொல்வார். என்னிடம், "சாப்டீங்களா டீச்சர்?" என்பதோடு சரி. எருமையிடமா பொறாமை என்று கேட்பீர்கள். ஆமாம், எருமையிடம்தான்.

போன பள்ளி விடுமுறையில் அப்பா ஒரு கல்யாணத்துக்காக பண்டார் பாரு போனபோது, வியாபாரியை வரவழைத்து அதை விற்றுவிட்டேன். அப்பாவுக்கு ஓய்வு வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஆட்கள் மாட்டை விற்றாலும் பழைய மூக்கணாங்கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள், கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வார்கள். வியாபாரியே சொன்னார்: "கயித்த வச்சுக்கம்மா, அப்பா கேப்பாரு லா." அதெல்லாம் மூடநம்பிக்கை என்றேன். என் பழைய பள்ளிக்கூட சிவப்பு ரிப்பனைச் சேர்த்து அப்பா முறுக்கிய கயிறு அது. எருமையின் மூக்கோடேயே அது லாரியில் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

அப்பா திட்டவில்லை. "நல்லதுங்க டீச்சர்" என்றார். மறுநாள் தள்ளுவண்டியோடு காட்டுக்குப் போனவர் மதியமாகியும் திரும்பவில்லை. தேடிப் போனேன். ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமான கால்வாய், அதன் கரையில் நெஞ்சுவரை சேற்றோடு கிடந்தார், ஒரு கால் ஒடிந்து மடங்கியிருந்தது.

"கண்ணு" என்றார்.

எத்தனை வருடம் கழித்து! ஓடிப்போய், "இங்கதான்பா இருக்கேன்" என்று தோளைப் பிடித்தேன்.

"உங்களச் சொல்லல டீச்சர். அவதான் இழுத்து மேல போட்டா. இப்பதான் அந்தப் பக்கம் போனா."

அவர் கையில் மூக்கணாங்கயிறு. அதில் என் சிவப்பு ரிப்பன்.

வியாபாரிக்குப் போன் செய்தேன். எருமையை அன்று விடியற்காலையிலேயே அறுத்தாகிவிட்டதாம். கயிறு கொட்டகையில்தான் கிடக்கும் என்று தேடினார், கிடைக்கவில்லை.

அப்பா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். கயிறு அடுப்படி ஆணியில் தொங்குகிறது. தினமும் காலையில் மூக்குக்குள் கோத்திருந்த பகுதி மட்டும் ஈரமாக இருக்கிறது. அப்பா பார்த்துவிடக் கூடாது என்று முன்னாலேயே எழுந்து துடைத்துவிடுகிறேன். போன வாரம் துடைத்த விரல் தற்செயலாக உதட்டில் பட்டது.

உப்புக் கரித்தது.