அய்யாத்துரை மகள் நடிக்காத நாடகம்

திருவொற்றியூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் அய்யாத்துரை அண்ணாச்சிக்கு வாயில் எதுவும் நிற்காது. மகள் ஜெனி மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்ட அன்றே, பருப்பு வாங்க வந்தவர்களிடமெல்லாம் "எங்க வீட்டுல டாக்டரு ரெடி" என்று சொல்லிவிட்டார். ஜெனி இரண்டு முறை எழுதினாள், இரண்டு முறையும் இடம் கிடைக்கவில்லை. அண்ணாச்சி அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மனுஷனுக்குத் திட்டவே தெரியாது. ஆனால் தெரு விடுமா? சோப்பு வாங்க வந்தவள்கூட "இன்னா ஜெனி, சீட்டு கெட்ச்சுதா?" என்று கேட்டாள். அதோடு ஜெனி கல்லாப் பக்கம் வருவதை விட்டாள். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், சாப்பிடுவாள், திரும்பவும் அங்கேயே போய்விடுவாள்.

அவளை அங்கிருந்து கிளப்பியது பள்ளித் தோழி ஃபரா. தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய பட்டறையில் இளைஞர்களுக்கு நாடகப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. "சும்மா வந்து குந்து. ஒன்ன யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். நிஜமாகவே யாரும் கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே ஜெனி மறுநாளும் போனாள்.

மேடையில் நிற்கச் சொன்னபோது அவள் சுவரோரமாகப் போய் ஒண்டிக்கொண்டாள். பயிற்சி நடத்திய டெரிக் வற்புறுத்தவில்லை. "அப்ப பின்னாடி இரு. சத்தமெல்லாம் உன் பொறுப்பு" என்றான். கதவு கிறீச்சிட வேண்டும், லாரி திரும்ப வேண்டும், குழாயில் தண்ணீர் வர வேண்டும். ஜெனி கடையில் கைக்கு எட்டியதையெல்லாம் எடுத்துப்போய்த் தட்டினாள், உரசினாள், உருட்டினாள். ஒருநாள் சாப்பிடும்போது கரண்டியால் சட்டியைத் தட்டிப் பார்த்துத் தானாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த அம்மா தங்கபுஷ்பம் அடுப்படிக்குப் போய் அழுதாள். எத்தனை மாதம் ஆகியிருந்தது!

பிறகு ஒரு நாடகக் குழு, ஒலி வேலைக்குச் சம்பளத்துக்கு ஜெனியைக் கேட்டது. ஊர் ஊராகப் போக வேண்டும். நாடகக் குழுவில் வேலை என்று மட்டும் வீட்டில் சொன்னாள். "மொதல்ல நாடகத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி.

சொன்னதோடு நின்றாரா? நாடகம் என்றால் நடிப்புதானே அவருக்கு. "எங்க ஜெனி நடிக்கா, எல்லாரும் வந்திரணும்" என்று தெருவையே அழைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பட்டறையில் திரை இடுக்கில் எட்டிப் பார்த்த ஜெனி சட்டென்று திரையை இழுத்து மூடினாள். முன்வரிசையில் சலவைச் சட்டையோடு அப்பா, அம்மா, வெற்றிலைக்கடை மதார் சாகிப், அவர் மனைவி ரஹீமுன்னிசா. பின்னால் தெரு மொத்தமும். இன்னொரு தடவை அப்பா இவர்கள் முன்னால் தலைகுனியப் போகிறார், இன்னொரு தடவை என்னால், என்று நினைத்தாள்.

"ஒரு சீன்ல சும்மா வந்து நின்னுட்டாவது போயேன்" என்றாள் ஃபரா.

ஆசையாகத்தான் இருந்தது. "நான் வந்து நின்னா மழைய யாரு பெய்ய வெக்கிறது?" என்று சொல்லிவிட்டு ஜெனி தகரத் தட்டைக் கையில் எடுத்தாள்.

புயலில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தின் கதை அது. விளக்குகள் மங்கின. ஜெனி தட்டில் உளுந்தைக் கொட்டி மெல்லச் சாய்த்தாள். முதலில் தூறல், பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்துக்கு நடுவே திடீரென்று நாற்காலிகள் உருண்டன. எட்டிப் பார்த்தால், முன்வரிசை எழுந்து வாசலை நோக்கிப் போகிறது. அப்பாவும்தான். நான் வரவில்லை என்று தெரிந்துவிட்டது, போகிறார். கண்ணீர் வந்தது, ஆனால் கை நிற்கவில்லை. காட்சி முடியும்வரை மழையை நிறுத்தக் கூடாது.

கைதட்டல் ஓய்ந்தபின் அண்ணாச்சி திரைக்குப் பின்னால் வந்தார். "ஏட்டி, நீ வரவே இல்லியே?"

"நான் நடிக்கலப்பா. சத்தம் மட்டும்தான். மொதல்லயே சொல்லிருக்கணும். அசிங்கமாப் போயிதான எந்திரிச்சுப் போனீங்க?"

"யாரு போனா? மழைன்னுல்லா ஓடுனேன்! சீனி மூட்ட கட வாசல்ல கெடக்கு. வெளிய போயிப் பாத்தா ஒரு சொட்டு இல்ல."

ஜெனி தட்டை ஒருமுறை சாய்த்துக் காட்டினாள். அண்ணாச்சி குனிந்து ஒரு மணியை எடுத்து விரலில் உருட்டினார்.

"முழு உளுந்தா?"

"ஆமாப்பா. உடச்சதுல தூறல்தான் வருது."

"வரும். அதுக்குக் கனம் பத்தாது" என்றார். மகள் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமிட்டுவிட்டு வெளியே போனார்.

வாசலில் தெரு காத்திருந்தது. ஜெனி கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா அண்ணாச்சி, பொண்ணு நடிக்குதுன்னியே, கண்லயே காணோம்?" என்றார் மதார் சாகிப்.

"காணோமா? நம்ம எல்லாரையும் எந்திரிச்சு ஓட வச்சது பின்ன யாரு? அந்த மழைய எம் மவதான் பெய்ய வச்சா. அடுத்த வாரத்துலருந்து ஊர் ஊராப் போயிப் பெய்ய வைக்கப் போறா!"

மதார் சாகிப் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க அவ?" என்று கத்தினாள் ரஹீமுன்னிசா. "காயப்போட்ட மொளகா நனையுதுன்னு முட்டி வலியோட மாடி ஏறிட்டு வந்துகீறேன். வெளிய வரச் சொல்லு அவள!"

ஜெனி வெளியே வந்தாள்.