கரை வைத்த சுவர்

என் மாமாவின் தொழிலை முடித்து வைத்தது நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது. கையில் ஒரு கத்தரிக்கோலும் ஒரு கிண்ணம் மைதா பசையும் இருந்தன. அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. சென்னையில் கட்டடக்கலை படித்தவர். எங்கள் உறவில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று விளங்கவில்லை. இன்ஜினீயரா என்று கேட்டால் இல்லை என்பார், மேஸ்திரியா என்று கேட்டால் சிரிப்பார். ஒரு பெரிய ஆபீசில் உட்கார்ந்து நான்கு வருடம் அடுத்தவர் கட்டடங்களுக்குக் கழிப்பறை வரைந்துவிட்டு, போதும் என்று திருத்தணிக்கே வந்து எங்கள் வீட்டு மாடியில் மேஜை போட்டார். இரண்டு வருடமாக அந்த மேஜையைத் தேடி ஒருவரும் வரவில்லை. துபாயிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு கட்டடமாவது எழுப்பாவிட்டால் தை பிறந்ததும் கிளம்பிவிடுவேன் என்று அவர் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். வீட்டில் என்னிடம் முகம் பார்த்துப் பேசும் ஒரே பெரிய மனிதர் அவர். போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் நெசவுக்காரர் சங்கம் மலையடிவாரத்தில் கல்யாண மண்டபம் கட்ட முடிவு செய்தது. மலைமேல் தாலி கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம். அம்மையார்குப்பம், பள்ளிப்பட்டு வரைக்கும் தறி வைத்திருப்பவர்கள் சங்கத்தில் இருந்தார்கள். நைனா என்று நான் கூப்பிடும் என் அப்பாவும் கமிட்டியில் இருந்ததால் வரைபடம் போடும் வேலை மாமாவுக்கு வந்தது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாமா அந்த வெயிலை வைத்தே வரைந்தார். இடைவெளி விட்டு அடுக்கிய செங்கல் சுவர், மேலே பூச்சு கிடையாது. இடத்தில் நின்ற வேப்பமரத்தை வெட்டாமல் அதைச் சுற்றி ஒரு முற்றம். சித்திரை மாதத்திலும் மின்விசிறி இல்லாமல் பந்தியில் உட்காரலாம் என்றார்.

சங்கத் தலைவர் வரைபடத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் சரிப்பா. ஆனா பார்டரே இல்லாத பொடவ மாதிரி கீதே?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தறிக்காரர்கள் எதையும் அப்படித்தான் பார்ப்பார்கள். புடவையைக் கையில் எடுத்தால் முதலில் கரை, பிறகு முந்தானை, மற்றதெல்லாம் அப்புறம். அட்டையில் மாதிரி செய்து காட்டுகிறேன், பார்த்தால் புரியும் என்று மாமா சொன்னார்.

மூன்று வாரம் செய்தார். வெள்ளை அட்டையில் ஒவ்வொரு செங்கல் இடைவெளியையும் பிளேடால் வெட்டினார். நடுவில் ஒரு வேப்பங்குச்சியை நட்டார். கமிட்டிக்காரர்கள் வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெரிய படங்களை நகலெடுக்க அரக்கோணம் போனார்.

நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. கரை இல்லை. தலைவர் மறுபடியும் அதையேதான் கேட்பார், மாமா துபாய் போய்விடுவார். கீழே, புடவை வாங்க வருகிறவர்களுக்குக் காட்டவென்று வெட்டிப் போட்டிருந்த கரைத்துண்டுகள் ஒரு மூட்டை கிடந்தன. அரக்கு நிறம், கிளிப்பச்சை, ஜரிகை போட்டது. நான்கு சுவர்களுக்கும் ஒட்டினேன். அசிங்கமாக ஓட்டை ஓட்டையாக இருந்த இடங்களை முதலில் மூடினேன். கல்யாணப் பத்திரிகையிலிருந்து இரண்டு யானைகளை வெட்டி வாசலில் வைத்தேன். வாடிப்போயிருந்த வேப்பங்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முந்தானைத் துண்டில் இருந்த மயிலை அங்கே நட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ரயில் தாமதம். கமிட்டி முதலில் வந்துவிட்டது. மூடியிருந்த துணியை நானேதான் விலக்கினேன்.

"அடடே! இப்பதாம்பா கட்டடம் மாதிரி கீது," என்றார் தலைவர். "இத்தத்தான நாங்க அன்னிக்கே சொன்னோம்?"

மாமா கையில் சுருட்டிய தாள்களோடு வியர்த்து வழிய உள்ளே வந்தார். தலைவர் எழுந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தோளுக்கு மேலாக மாமா அந்த மாதிரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். விரலெல்லாம் பசையோடு நான் பல் தெரியச் சிரித்தேன். இது குழந்தை விளையாட்டு, என் வேலை இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இன்னா மச்சான், இதே மாதிரி கட்டிர்லாமா?" என்றார் நைனா.

மாமா தாள்களைப் பிரிக்காமலே மூலையில் சாய்த்து வைத்தார்.

"ஆங், பாவா. கட்டிர்லாம்."

துபாய்ப் பேச்சு அன்றோடு நின்றது. மாமாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று அம்மாவிடம் பெருமை பேசினேன்.

வேப்பமரத்தை வெட்டினார்கள். சுவரைப் பூசி, அரக்கும் பச்சையுமாக டைல்ஸ் கரை ஒட்டினார்கள். உள்ளே பந்தியில் உட்கார்ந்தவர்கள் இலைக்கு மேல் வியர்வை சொட்டச் சாப்பிட்டார்கள். ஆனால் வாசல் யானைகள் ஊரைக் கவர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு மேஜைக்கு ஆள் வராத நாளில்லை. மேஸ்திரி கட்டி முடித்த வீட்டுக்கு முகப்பு மட்டும் வேண்டும் என்பார்கள். மாமா அரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். இருபது வருடத்துக்கு மேலாக அதையேதான் செய்தார், இன்றும் செய்கிறார். குடிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. கட்டடங்களைப் பற்றிப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டார். நான் வளர்ந்து ஒருநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது, காபி குடிக்கிறாயா என்று கேட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

திறப்பு விழாவைச் சொல்லாமல் விட்டேன். வாசலில் பதித்த கருங்கல்லின் திரையை இழுத்தார்கள். தலைவர், செயலாளர், நைனா என்று வரிசையாகப் பெயர்கள். கடைசியில் 'கட்டட வடிவமைப்பு' என்ற வரிக்கு நேராக, இனிஷியலோடு என் பெயர். கல் வெட்டுகிறவரிடம் மாமாவே எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். மருமகள் மேல் என்ன பாசம் பார் என்று தலைவர் என் கன்னத்தைக் கிள்ளினார். நான் ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, உன் பேர ஏன் போடல?"

"நீதான பாப்பா கட்டின," என்றார்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் பாதி வகுப்பைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லைக் காட்டினேன்.