நான் தள்ளிவிடப் பார்த்த மிளகு மூட்டை

சென்ற ஆண்டு கோடையில், பேச்சிப்பாறை அணையின் நடுத் தண்ணீரில் நடந்தது இது.

நாங்கள் காணிக்காரர்கள் என்னும் மலைவாழ் பழங்குடிகள். அணைக்கு அக்கரையில், மலைச்சரிவில் எங்கள் குடியிருப்பு. நான் விடுதியில் தங்கிப் படித்து ஆசிரியையானவள். பட்டம் வாங்கிய மகளும் கீழே ஏதாவது ஓர் அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவளோ மலைக்கே திரும்பி வந்து, பெண்களைக் கூட்டி ஒரு குழு தொடங்கினாள்.

எங்கள் பக்கம் நல்லமிளகு கொடியில் பச்சையாகத் தொங்கும்போதே வியாபாரி வந்து பேசி முடித்துவிடுவார். அவர் சொல்வதுதான் விலை; சரக்கைச் சந்தைக்கு இறக்கும் வண்டியும் அவருடையது மட்டும்தான். அந்த ஆண்டு குழுப் பெண்கள் ஒருவரும் கொடியில் விற்கவில்லை. தாங்களே பறித்து, உலர்த்தி, தூற்றிச் சாக்கில் கட்டினார்கள்.

"வண்டி எனக்குள்ளதுல்லா? தலையில செமந்துட்டுப் போங்க, பாப்பம்" என்று சிரித்துவிட்டுப் போனார் வியாபாரி.

வள்ளத்தில் கொண்டு போவது என்று முடிவானது. மகள் போகிறாள் என்றதும் நானும் ஏறிக்கொண்டேன். பின்னால் துடுப்போடு அவள். முன்னால் இன்னொரு துடுப்போடு என் நாத்தனார். நடுவில் தார்ப்பாய் போட்டு மூடிய மூட்டைகளும் நானும்.

பாதி தூரம் கடந்திருப்போம். மலையிலிருந்து காற்று இறங்கியது. தண்ணீர் எழும்பி வள்ளத்துக்குள் அடித்தது. அந்த மூட்டைகள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரின் உழைப்பு என்பதெல்லாம் எனக்கு மறந்தே போனது. என் பிள்ளை மட்டும்தான் கண்ணில் தெரிந்தாள். பாரம் குறைந்தால் பிழைத்துக்கொள்வோம் என்று எழுந்து நின்று ஒரு மூட்டையைத் தண்ணீருக்குள் தள்ளப் பார்த்தேன். வள்ளம் அப்படியே ஒருபக்கம் சாய்ந்தது.

"அம்மா, எழும்பாத! இரி!" மகள் கத்தினாள். "மூட்டை அடியில கெடக்கதுனாலதான் வள்ளம் மறியாம நிக்குது. அதுக்க மேல கைய வச்சு அமுக்கிட்டு இரி!"

தினமும் இந்தத் தண்ணீரைக் கடந்து பள்ளிக்கூடம் போனவள் அவள். பொத்தென்று உட்கார்ந்தேன். வள்ளம் நிமிர்ந்தது.

நாத்தனார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மொளவ மீனுக்கா போடுதிய மைனி? அப்பொ கறி யாரு வைக்கது?"

அந்த நடுக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் வள்ளத்தின் முனையைக் காற்றுக்கு நேரே திருப்பினாள். நான் ஒரு கையால் மூட்டையை அமுக்கிக்கொண்டு மறு கையால் செம்பில் தண்ணீரை இறைத்தேன். எப்படியோ கரை வந்தது. தார்ப்பாயை விலக்கிச் சாக்குக்குள் கையை விட்டாள் மகள். மிளகு சலசலவென்று உலர்ந்தே இருந்தது.

சந்தையில் அன்று முதன்முறையாக விலையை நாங்கள் சொன்னோம். வாங்க வந்தவர் ரொம்பக் குறைத்துக் கேட்டார்.

"வேண்டாம்னா திரும்பக் கொண்டு போறோம் அண்ணாச்சி. ஒணங்கின மொளவு கெட்டா போவும்?" என்றாள் மகள்.

அவர் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, தராசை முன்னால் இழுத்தார்.

இப்போதும் அணையில் காற்று எழும்பினால் எனக்குப் பயம்தான். ஆனாலும் மகள் சரக்கோடு கிளம்பும்போதெல்லாம் நானும் ஏறி, மூட்டையின் மேல் கையை ஊன்றி உட்கார்ந்துகொள்கிறேன். எங்கள் மலையில் நாங்கள் விளைவித்ததன் கனம் அடியில் இருக்கும்வரை கவிழமாட்டோம் என்ற தைரியம் அந்தக் கை வழியாகத்தான் எனக்குள் ஏறுகிறது.