ஒரு கொம்பியூட்டருக்குள் வீடும் வாடியும்

உப்புக் காற்றில் ஊறிய தென்னங்கிடுகு எரியும்போது ஒரு மணம் வரும்; மீனெண்ணெயும் புகையும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டு, இரண்டு நாள் தண்ணீர் குடித்தாலும் போகாது. எங்கள் "வாடி" எனக்கு ஞாபகம் வருவது அந்த மணத்தோடுதான்.

எங்கள் வீடு சிலாபம் பக்கத்துக் கரையில். "சோளகம்" என்ற தென்மேற்குக் காற்று அடங்கிக் கடல் தணிந்ததும், அப்பாவும் சித்தப்பாமாரும் வள்ளத்திலும், நாங்கள் சட்டி பானையோடு லொறியிலும், கற்பிட்டிப் பக்கக் கரைக்குப் போவோம். அங்கே கம்பு நட்டுக் கிடுகு வேய்ந்து கட்டுகிற குடில்தான் வாடி. உயிர்த்த ஞாயிறு கழிந்து கொஞ்ச நாளில் திரும்பிவிடுவோம். வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே என்று இருந்ததில் என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது.

திரும்பும் நாளில் சாமான்கள் எல்லாம் முதல் லொறியில் போய்விடும். அம்மாவும் நானும் பின்தங்கி நின்று, கூட்டிப் பெருக்கி, கிடந்ததை எல்லாம் குவித்துக் கொளுத்திவிட்டுத்தான் இரண்டாம் லொறியில் ஏறுவோம். "ஒரு துரும்பும் மிச்சம் வைக்காதடி, அடுத்து வாறவள் நம்மட குப்பையில கால் வைக்கக் கூடாது" என்பார் அம்மா. அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. "இவள் கூட்டின இடத்தில காகத்துக்கும் ஒண்டும் கிடைக்காது" என்று சின்னம்மா சிரிப்பார். என்னை யாரும் புகழ்ந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

இதையெல்லாம் நான் முன்பே ஒருமுறை எழுதியிருந்தேன். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, இத்தாலியில் இருக்கும் மகன் ரொஷான், ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்த்துக் கதைக்கவென்று தன் பழைய லெப்டொப்பை விட்டுப் போயிருந்தான். மற்ற ஆறு நாளும் அது சும்மா கிடந்தது. விண்டோஸில் தமிழ் எழுத்தை ஒவ்வொரு விரலாகத் தேடித் தேடி அடித்து, வாடிக் கதையை எழுதத் தொடங்கினேன். வெட்கத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு ரொஷான் சொன்னான்: "அம்மா, இந்த விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு வராது. புதுசை இந்த மெஷின் தாங்காது. லீவுல வந்து லினக்ஸ் எண்டு ஒண்டு போட்டுத் தாறன்."

"அப்ப பழசு?"

"அதுவும் பக்கத்துல இருக்கும். ரெண்டு வீட்டுக்காரியா இருங்க!"

அங்கிருந்தபடியே அவன் என் லெப்டொப்பைத் திறந்து பார்த்தான். என் கை படாமலே அம்புக்குறி திரையில் நடந்தது. "எல்லாம் இங்க தெரியுதம்மா. லினக்ஸுக்குக் கொஞ்சம் இடம் வேணும், வேண்டாததை அழிச்சு வையுங்க" என்றான். எல்லாம் அங்கே தெரிகிறது என்றால், எல்லாம் அங்கே போய்விட்டது என்றுதான் எனக்குப் பட்டது. முதல் லொறி போய்விட்டது. அன்று பின்னேரமே, நான் எழுதி வைத்ததில் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் அழித்து, குப்பைக் கூடையையும் காலி செய்து துப்புரவாக்கினேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுக்கு ஞாயிறு காத்திருந்தேன். வாசித்திருப்பான், இன்றைக்கு ஏதாவது சொல்வான் என்று. அவன் குளிரைச் சொன்னான், வேலையைச் சொன்னான். என் எழுத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிடிக்கவில்லையாக்கும் என்று நானும் கேட்கவில்லை. பிறகு பிறகு அவனோடு கதைப்பதையே குறைத்துக்கொண்டேன்.

லீவில் வந்தான், லினக்ஸைப் போட்டான். அவன் திரும்புவதற்கு இரண்டு நாள் இருக்கையில்தான் எனக்கு வாய் வந்தது. "நீ அங்க கொண்டு போன என்ட எழுத்தை இதுல வைச்சுத் தா, மகன்."

"எந்த எழுத்து?"

"வாடியைப் பற்றி எழுதினது."

"நீங்க எழுதினீங்களா? எப்ப?"

அன்று முழுக்கக் கதிரையை விட்டு எழும்பாமல் தேடினான். ஒரு வரியும் கிடைக்கவில்லை. "நான் இங்க இருந்ததைத்தான் அங்கயிருந்து பாத்தனம்மா, எடுத்துக்கொண்டு போகல்ல. ஏன் ஒரு வார்த்தை சொல்லல்ல?" என்றான்.

"நீ வாசிச்சிட்டாய் எண்டு நினைச்சன்."

அவன் வாசிக்காத ஒன்றுக்காக நான் இவ்வளவு நாளும் அவனோடு முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்திருக்கிறேன்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டில் வீட்டுக்கு எது நல்லது என்று கேட்டால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விண்டோஸ் எங்கள் சிலாபத்து வீடு மாதிரி. எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டும் போகலாம். படங்களும் சீட்டு விளையாட்டும் அங்கேதான். முன்பெல்லாம் அது தன் பாட்டில் எதையோ ஏற்றிக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கும், நான் காத்திருந்து அலுத்துப்போவேன். இப்போது அந்த வரத்தும் நின்றுவிட்டது, ஆள் வராத வீடு போல. லினக்ஸ் வாடி மாதிரி. அலங்காரம் குறைவு, இந்தக் கிழட்டு மெஷினிலும் சுருக்காக எழும்பும், புதிதாக எதை வைப்பதென்றாலும் கடவுச்சொல் கேட்டு என் உத்தரவோடுதான் வைக்கும். முதல் கிழமை விரல்கள் வழி தெரியாமல் நின்றன. ஆனாலும் எழுதுவதற்கு எனக்கு அதுதான் பிடிக்கிறது. இதையும் அதில்தான், இரண்டாம் முறையாக எழுதுகிறேன். முதலில் எழுதியதில் சின்னம்மாவின் சிரிப்பு இதைவிட நன்றாக வந்திருந்தது.

வாடி இருந்த கரையில் இப்போது ஹோட்டல்கள். வெள்ளைக்காரர் காற்றாடியில் தொங்கிக்கொண்டு கடல்மேல் ஓடுகிறார்கள். கிடுகு எரிப்பார் இல்லை. விண்டோஸில் "வாடி" என்ற பெயர் போட்ட பெட்டி மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது; அதை நான் அழிக்கவில்லை.

காலையில் லெப்டொப்பைத் திறந்தால், கறுப்புத் திரையில் இரண்டு பெயரையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டுவிட்டுப் பத்திலிருந்து கீழே எண்ணத் தொடங்குகிறது. சின்ன வயதில் வீடா வாடியா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. இப்போதும் இந்த வீட்டில் என்னிடம் எதையாவது கேட்பது இது ஒன்றுதான். உடனே பதில் சொல்ல மனம் வருவதில்லை. ஒன்பது, எட்டு, ஏழு என்று பார்த்துக்கொண்டே இருந்து, இரண்டு வரும்போதுதான் விசையை அழுத்துகிறேன்.